பச்சைமுத்துவின் குரல் ஏலம் போன விவரம்

1951-ஆம் வருடம் டிசம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி சுமாருக்கு, பெங்களூர் நீலசந்திராவில் குடியிருந்த பச்சைமுத்து தன் குரலைத் தம்பி சின்னப்பாவுக்குக் கொடுத்தார். அன்று நல்ல குளிர். வெங்காயம் முதல் நாளைவிடச் சேருக்குக் காலணா ஏறியிருந்தது. அந்தத் தெருவில் விசாரித்தால் இந்த மூன்று சங்கதிகளையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். குரல் கைமாறியதற்கு யாரும் அதிகமாக ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. வெங்காய விலைக்குத்தான் இரண்டு நாள் புலம்பினார்கள்.

பச்சைமுத்துவுக்குத் தொழிலே குரல்தான். கண்டோன்மெண்டில் இருந்த அலெக்சாண்டர் ஏலக் கூடத்தில் ஏலம் கூறுபவராக இருந்தார். நாற்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது அவர்கள் விட்டுப்போன பியானோ, காட்டெருமைத் தலை, காலொடிந்த சாய்வு நாற்காலி, குழந்தையைக் குளிப்பாட்டும் பீங்கான் தொட்டி எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்தது அந்தக் குரல். கனமான குரல், ஆனால் காதை உறுத்தாது. கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவர்கூட எழுந்து உட்கார்ந்து தனக்குத் தேவையில்லாத பொருளுக்கு விலை கேட்பார். அப்பாவோடு தையல் மெஷின் வாங்கத் தங்கவயலிலிருந்து வந்த வள்ளியம்மா, கூடத்தின் வாசலில் நின்றபடி 'ஒரு தரம்' என்று அவர் சொன்னதைக் கேட்டாள். ஆளைப் பார்க்கக்கூட இல்லை. ஊருக்குத் திரும்பி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா விசாரித்துக்கொண்டு வந்து கல்யாணத்தை முடித்து வைத்தார். பச்சைமுத்து பார்ப்பதற்குச் சுமார்தான் என்பது தாலி கட்டும்போதுதான் அவளுக்குத் தெரியும், அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

அந்த ஏலக் கூடத்தில் இரண்டே சட்டங்கள். மூன்றாவது தரம் சொல்லிச் சுத்தியல் விழுந்துவிட்டால் பொருள் போனது போனதுதான், விற்றவர் காலில் விழுந்து அழுதாலும் திரும்பாது. இன்னொன்று, உள்ளது உள்ளபடி. அலமாரியை வாங்கினால் அதற்குள் இருக்கும் குளவிக்கூடும் வாங்கியவருடையது. பச்சைமுத்து இந்தச் சட்டங்களைப் பதினான்கு வருடம் தன் வாயாலேயே கூட்டத்துக்குப் படித்துச் சொன்னவர். பழக்க தோஷத்தில் வீட்டிலும் அப்படித்தான். கடைசி தோசை யாருக்கு என்பதைக்கூட மூன்று தரம் சொல்லித் தட்டில் ஒரு தட்டுத் தட்டித்தான் முடிவு செய்வார்.

தம்பி சின்னப்பா சைக்கிள் கடை வைத்திருந்தான். சிரித்த முகம், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கும் குணம், அதோடு கவுன்சிலர் ஆகவேண்டும் என்கிற அடங்காத ஆசை. வார்டு எலெக்‌ஷனில் குடை சின்னம் வாங்கி நின்றும் விட்டான். குறை ஒன்றே ஒன்றுதான். அவன் குரல் கோழிக்குஞ்சின் குரல். முதல் பொதுக்கூட்டத்தில் அவன் பேச ஆரம்பித்ததும் ஜனங்கள் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து, மைக் செட் போட வந்திருந்த பிரேசர் டவுன் ஆம்ப்ரோஸைத் திட்டினார்கள். ஆம்ப்ரோஸ் ரோஷக்காரர். 'என் செட்டுல ஒண்ணும் ஃபால்ட் இல்ல, ஆளுலதான் ஃபால்ட்டு' என்று அதே மைக்கில் சொல்லிவிட்டார். மறுநாள் காலை சின்னப்பா அண்ணன் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணா, கல்யாணத்துக்கு உன் கோட்டைக் குடுத்தியே, அந்த மாதிரி உன் குரலைக் குடுண்ணா. எலெக்‌ஷன் முடிஞ்ச மறுநாளு ஜல்தியா கொண்டாந்து குடுத்துடறேன். அம்மா மேல ஆணை."

பச்சைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாசமும் வந்தது. தகப்பன் இல்லாமல் தன் தோளில் வளர்ந்த பயல். கேட்டால் எதையும் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். உட்கார்ந்திருந்த மரப்பெட்டியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே, "கேட்டவரு சின்னப்பா! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூறினார். அதுதான் அவர் செய்த தவறு. சும்மா 'எடுத்துக்கோடா' என்று சொல்லியிருந்தால் அது இரவல். மூன்று தரம் சொல்லிப் பெட்டியைத் தட்டியதால் அது விற்பனை ஆகிவிட்டது. அவருக்கு அப்போது அது உறைக்கவில்லை. அடுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சின்னப்பா, வீடே அதிரும் கனத்த குரலில், "அண்ணி, காபி இருக்கா?" என்றான். உள்ளே இருந்த வள்ளியம்மா புருஷன்தான் கேட்கிறார் என்று நினைத்து ஒரே ஒரு டம்ளரோடு வந்தாள்.

அடுத்த ஒரு மாதம் அந்தக் குரல் வார்டைக் கலக்கியது. ஆம்ப்ரோஸின் வாடகைக் காரின் மேல் ஒலிபெருக்கி ஹாரன் கட்டி, சின்னப்பா உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டே போவான். ஜனங்கள் பார்த்தது ஹாரனை, கேட்டது குரலை, முகத்தை யாரும் கவனிக்கவில்லை. ஆஸ்டின் டவுனில் தண்ணீர்க் குழாய், நீலசந்திராவில் சாக்கடை, குடிசைக்கெல்லாம் பட்டா என்று அது வாக்குக் கொடுத்துக்கொண்டே போயிற்று. அந்தக் குரலில் யார் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும், பதினான்கு வருடம் அது பொய்யே பேசியதில்லை அல்லவா. இந்தச் சமயத்தில் வள்ளியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பச்சைமுத்து தன் அம்மா பேரான லட்சுமம்மா என்பதைத்தான் வைக்கவேண்டும் என்று அவள் கர்ப்பமாக இருந்தபோதே சொல்லி வைத்திருந்தார். அவர்கள் வழக்கப்படி தகப்பன்தான் குழந்தையின் காதில் பேரை மூன்று தரம் சொல்லவேண்டும். குரல் தம்பியிடம் இருந்ததால், பதினோராம் நாள் சின்னப்பாவே வந்து அண்ணன் குரலில் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. லட்சுமம்மா அவனுக்கும் அம்மாதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று எல்லோரும் இருந்தார்கள்.

பேர் வைக்கும் அன்று முன்வரிசை நாற்காலியில் ஆம்ப்ரோஸும் அவர் மனைவி மௌரீனும் உட்கார்ந்திருந்தார்கள். மௌரீன் பிரசவம் பார்க்கும் நர்ஸ், ஆஸ்டின் டவுனில் இரண்டு வரிசை வீடுகளிலும் அவள் சொந்தக்காரர்கள்தான். ஓட்டுப்போட நான்கு நாள்தான் இருந்தது. சின்னப்பா குழந்தையை வாங்கி, அதன் காதில் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "மௌரீன், மௌரீன், மௌரீன்" என்றான். நர்ஸம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பச்சைமுத்து தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவன் அவரைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அவர் குரலாலேயே அவரைச் சமாதானம் செய்தான். "பேருதானே அண்ணா, வுடு. பதினேழு ஓட்டு. செயிச்சதும் குரலைக் குடுத்துடறேன், நீயே அம்மா பேரை இன்னொரு தரம் காதுல சொல்லிடு, சரியாப் போச்சு." அதற்காகவே பச்சைமுத்து காத்திருந்தார். தன் வாயால் மகளின் காதில் ஒரு முறை லட்சுமம்மா என்று சொல்லிவிடவேண்டும், அவருக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

சின்னப்பா பதினொரு ஓட்டில் ஜெயித்தான். மறுநாள் வரவில்லை. எட்டாம் நாள் பச்சைமுத்து அவன் கடைக்குப் போய்த் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை நீட்டினார். கவுன்சிலர் சின்னப்பா அவரை உட்காரவைத்து, ஜாமூன் வரவழைத்துக் கொடுத்து, ரொம்ப அன்பாகத்தான் சொன்னான். "மூணு தரம் சொன்னது நீதானே அண்ணா? நான் இரவல்தான் கேட்டேன், நீ வித்துட்ட. உங்க ஹால்லயே கேட்டுப் பாரு." பச்சைமுத்து நிஜமாகவே போய்க் கேட்டார், அதுதான் பரிதாபம். சைகையிலேயே விளக்கினார். கூடத்து முதலாளி அலெக்சாண்டர் துரை நியாயஸ்தர், விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பெட்டியைத் தட்டியது உண்டா என்று கேட்டு, உண்டு என்று தலையாட்டியதும் புத்தகத்தை மூடிவிட்டார். அவரால் செய்ய முடிந்தது, ஏலம் கூறியவருக்கு அலமாரி தூக்கும் வேலை கொடுத்ததுதான்.

வருடங்கள் போயின. சின்னப்பா அடுத்தடுத்து ஜெயித்தான், கார் வாங்கினான், அண்ணன் வீட்டுக்கு வருவதைப் பொங்கலுக்கு என்று வைத்துக்கொண்டான், பிறகு அதையும் நிறுத்தினான். பச்சைமுத்து மகளைக் கைதட்டிக் கூப்பிடப் பழகினார். இரண்டு தட்டு என்றால் வா, ஒரு தட்டு என்றால் வேண்டாம், தொடர்ந்து தட்டினால் ரோட்டில் மாடு வருகிறது. மௌரீன் தட்டுகளைப் புரிந்துகொண்டு கெட்டிக்காரியாக வளர்ந்தாள். அதில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. தெருமுனையில் கூட்டம் என்றால் வள்ளியம்மா வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கடைசியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கவுன்சிலர் சாக்கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், இவள் முகம் புதுப்பெண் முகமாக இருக்கும். பச்சைமுத்து ஒருமுறை அதைப் பார்த்துவிட்டார். அவர் வயிறு எரிந்தது. தம்பியின் மேல் எரிந்ததா, பெண்டாட்டியின் மேல் எரிந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் கேட்டது தன் குரலைத்தானே, அதை எப்படிக் குற்றம் சொல்வது. வீட்டுக்கு வந்ததும் அவள் அவர் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு வைத்தாள். அன்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

1964 பிப்ரவரியில், அடுத்த மாத ஏலத்துக்கான ஜாபிதாவைக் கூடத்தின் குமாஸ்தா உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். தேக்குக் கட்டில் ஆறு, கண்ணாடி அலமாரி இரண்டு, நீலசந்திரா கதவு நாற்பத்துமூன்று, ஜன்னல் சட்டம் நாற்பத்துமூன்று. பச்சைமுத்து தூக்கிய அலமாரியை அப்படியே கீழே வைத்தார். அவர் தெருவுக்கு அடுத்த வரிசையில் சரியாக நாற்பத்துமூன்று வீடுகள். நிலத்துக்குச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தார், முப்பது நாளுக்குள் எல்லோரும் கைநாட்டு வைத்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் நிறுத்தலாம். இன்னும் ஆறு நாள் மிச்சம் இருந்தது. யாரும் கைநாட்டு வைத்திருக்கவில்லை. ஏனென்றால் அந்தக் குரல், "உங்க வூட்டுச் செங்கல்லு ஒண்ணுகூட அசையாது. நான் இருக்கேன். கைநாட்டு வெச்சு ஏன் பேஜாரு பண்ணிக்கிறீங்க?" என்று சொல்லியிருந்தது.

பச்சைமுத்து வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் காட்டினார், கதவு பறிபோகிறது என்று சைகை செய்தார், பெருவிரலைப் பிடித்துக் காகிதத்தில் வைக்கச் சொல்லி இழுத்தார். பத்துப் பதினைந்து பேர் வெளியே வந்துவிட்டார்கள், இன்னும் கால்மணி நேரம் கிடைத்திருந்தால் கிளம்பியிருப்பார்கள். அதற்குள் ஹாரன் வைத்த கார் தெருவில் திரும்பியது. "எங்க அண்ணனுக்குக் கொஞ்ச நாளாவே மூளை சரியில்லீங்க. பாவம், வாயில்லாத மனுஷன். கோச்சுக்காதீங்க, வூட்ல கொண்டுபோய் வுடுங்க" என்று பச்சைமுத்துவின் குரல் பச்சைமுத்துவைப் பற்றிச் சொன்னது. ஜனங்கள் குரலைத்தான் நம்பினார்கள். இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து, மரியாதையாகவே வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். மனிதனுக்கு எத்தனையோ விதமான துரோகம் நடக்கிறது, ஆனால் தன் தொண்டையே தனக்கு விரோதமாகச் சாட்சி சொல்லும் துரோகம் நீலசந்திராவில் அவர் ஒருவருக்குத்தான் நடந்தது. ஆம்ப்ரோஸ் மட்டும் அன்றோடு தன் செட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார், பிறகு சின்னப்பாவுக்கு வாடகைக்கே விடவில்லை.

மார்ச் மாதம் நாற்பத்துமூன்று வீடுகளும் இடிந்தன. கதவுகளைப் பச்சைமுத்துவேதான் கூடத்துக்குள் தூக்கி வைக்கவேண்டியிருந்தது. வீடு போனவர்கள் பெண்டு பிள்ளைகளோடு ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டு, செங்கல் அசையாது என்று சொன்ன அந்தக் குரல் எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சின்னப்பா நடந்தே அண்ணன் வீட்டுக்கு வந்தான். நாலு வருடத்துக்குப் பிறகு வருகிறான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அண்ணன் காலில் விழுந்து எழுந்து, பழைய மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, அவருக்கு யோசிக்க இடம் வைக்காமல் கண்ணீரோடு சொன்னான்.

"போதும்ணா. உன் பொருள் உனக்கே. நான் பாவி. எடுத்துக்கிறியா? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ஏலத்தில் வாங்குகிறவர் பேசவேண்டியதில்லை, தலையை அசைத்தால் போதும். பச்சைமுத்து இரண்டாவது தரம் முடிவதற்குள் தலையை ஆட்டிவிட்டார். உள்ளது உள்ளபடி என்கிற சட்டம் அவருக்குத் தெரியாததா? ஆயிரம் பேரை அவரே எச்சரித்திருக்கிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று. பன்னிரண்டு வருடம் காத்திருந்தவருக்கு அந்த நேரத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லை. சின்னப்பா மூன்றாவது தரம் சொல்லிப் பெட்டியைத் தட்டினான். தட்டிய மறுநிமிஷம் "வர்றேண்ணா" என்று கோழிக்குஞ்சுக் குரலில் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிவிட்டான்.

பச்சைமுத்து முதலில் இருமினார். பிறகு, "வள்ளி" என்றார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வள்ளியம்மா சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கவுன்சிலர் வந்தால் எப்படி நிற்பாளோ அப்படி ஓரமாக நின்றாள். அவருக்கு என்னவோ போல் இருந்தது, ஆனாலும் அதற்கெல்லாம் நின்று யோசிக்க அவருக்குப் பொறுமையில்லை. இரண்டு தட்டுத் தட்டினார். மௌரீன் வந்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் முடியை ஒதுக்கி, காதில் வாயை வைத்து, "லட்சுமம்மா, லட்சுமம்மா, லட்சுமம்மா" என்றார். மூன்றாவது தரம் சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். பெண் காதைத் தேய்த்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"சித்தப்பா குரல்ல பேசாதப்பா. நல்லாவே இல்ல."

அவர் அதற்குப் பதில் சொல்வதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து வந்த குரலை ரோட்டில் போனவர்கள் கேட்டிருந்தார்கள். இதே குரல்தான், செங்கல் அசையாது என்று சொன்ன குரல், இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று நாற்பத்துமூன்று வீட்டாரும் வந்து நின்றார்கள். அவர் வெளியே வந்து, "நான் சொல்லலீங்க" என்றார். அதைச் சொன்னதும் அதே குரல்தான் என்பதால், அந்த ஒரு வார்த்தையே அவருக்கு எதிரான அத்தாட்சி ஆயிற்று. பச்சைமுத்து கூட்டத்தில் தம்பியைத் தேடினார். அவன் நடுவில்தான் நின்றான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, நீ சொல்லுடா என்கிற கெஞ்சல்தான் இருந்தது. சின்னப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மெலிந்த கீச்சுக் குரலில், "ஆமாங்க, இதே குரல்தான். நானும் என் காதால கேட்டேன்" என்றான். இந்தக் கீச்சுக் குரல்காரன் தங்களுக்கு எப்போதும் எந்த வாக்கும் கொடுத்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, ஆகவே அவன் சாட்சியை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். இத்தனை வருடம் தன் தலையில் மிளகாய் அரைத்தவன் எதற்காக வாழைப்பழத்தோடு வந்தான் என்பது பச்சைமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு ஏலக் கூடத்தில் சொல்வதுபோல நிதானமாக, "என்னென்ன சொல்லியிருக்கேன், ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். அவர்கள் சொன்னார்கள். சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.

அன்று முதல் அந்த வீட்டின் முன் அறையில் மூன்று குடும்பங்கள் தங்கின. பச்சைமுத்து மனு எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். குமாஸ்தாக்கள் குரலைக் கேட்டதும் கவுன்சிலர் என்று எழுந்து நின்றார்கள், அதில் சில காரியங்கள் நடந்தன. அறுபத்தெட்டு முடிவதற்குள் இருபத்தொன்பது குடும்பங்களுக்கு ஊருக்கு வெளியே மனை கிடைத்தது, ஆஸ்டின் டவுனில் ஒரு குழாயும் வந்தது. பாக்கி பதினான்கு குடும்பம் இன்னமும் அவர் பொறுப்பில்தான். சின்னப்பா அறுபத்தாறில் கீச்சுக் குரலோடேயே நின்று, முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தான். இப்படிப்பட்ட குரல் உள்ளவனுக்கு ஏமாற்றத் தெரியாது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். தம்பியிடம் பச்சைமுத்து அதன் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை, வீட்டுக்குள்ளும் பேசுவதில்லை. மகளைக் கைதட்டித்தான் கூப்பிடுகிறார், அவளும் மௌரீன் என்ற பேரோடேயே பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டாள். அவர் வாசலில் பேசும்போது வள்ளியம்மா மட்டும் அம்மிக் குழவியை நிறுத்திவிட்டு, பேச்சு முடிந்ததும் திரும்ப அரைக்கத் தொடங்குகிறாள். காலை ஏழு மணிக்கு முதல் ஆள் வந்து கதவைத் தட்டுவார். மௌரீன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, சித்தப்பா குரலுக்கு ஆள் வந்திருக்கு" என்பாள். பச்சைமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போவார்.